சாவாத ஆடும் ஆயாவின் கம்மலும்

உத்திரமேரூர் பக்கம்னு சொன்னா போதும், எதிர்ல இருக்கிறவர் அடுத்த நொடி "ஓ, குடவோலை!" என்பார். எல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தின் உபயம். 2020 டிசம்பரில் புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே எங்க ஊர்ப் பேரைச் சொல்லிட்டார். அதுக்கப்புறம் கேக்கவே வேணாம். எனக்கும் பெருமைதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா இன்னிக்கு எழுத வந்தது குடவோலை பத்தி இல்லை. ஆடு பத்தி. பால் கறக்கிற ஆடு, அதை வச்சு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி போட்ட ஒரு ஒப்பந்தம், அப்புறம் எங்க ஆயாவோட கம்மல்.

ஆயான்னா எங்கப்பாவோட அம்மா. ஊர்ல வீட்டுக்குப் பின்னாடி நாலு வெள்ளாடு வச்சிருக்கு. குட்டிங்க குடிச்சது போக ஒரு ஆட்டுக்குக் கால் லிட்டர், நல்லா தழை கெடைச்ச நாள்ல அரை லிட்டர் கறக்கும். அந்தப் பால்லதான் டீ. ஊருக்குப் போனா எனக்கும் அதே டீ. மொதல்ல மூக்கைச் சுளிச்சவன், இப்ப ஆபீஸ் மெஷின் டீயைப் பாத்து மூக்கைச் சுளிக்கிறேன்.

போன பொங்கலுக்கு லேப்டாப்போட போய் உக்காந்தேன். பத்து பெட்டை ஆடு, ஒரு கிடா. நான் காசு போடறது, பக்கத்து வீட்டு அத்தை வளக்கறது. வருஷத்துக்கு எத்தனை குட்டி, எவ்வளவு பால், அஞ்சு வருஷத்துல எத்தனை ஆடுன்னு எக்செல்ல ஒரு கணக்கு. வரைபடம் எல்லாம் நல்லா மேல ஏறிக்கிட்டே போகுது. ஆயாவுக்குப் பெருமையா விளக்கிச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஆயா கேட்டது ஒரே கேள்வி.

"இன்னாடா பேராண்டி, உன் கணக்குல ஒரு ஆடு கூட சாவலியே?"

பொட்டியை மூடிட்டேன் :-)

ஆனா அந்தக் கேள்வி என்னை விடலை. ஏன்னா, ஒரு ஆடு கூடச் சாகாத கணக்கு என் எக்செல்ல மட்டும் இல்லை. சோழர் கால மக்கள் அதைக் கல்லுலயே வெட்டி வச்சிருக்காங்க. அதுக்குப் பேர் 'சாவா மூவாப் பேராடு'.

கல்வெட்டு பத்தி ஓரளவு படிச்சவங்களுக்கு இந்தச் சொல் பழக்கமா இருக்கும். கோயில்ல இரவும் பகலும் அணையாம எரியற விளக்குக்கு நந்தா விளக்குன்னு பேர். நுந்தா விளக்குன்னும் எழுதுவாங்க. ஒருத்தர் அந்த மாதிரி ஒரு விளக்கு வைக்கணும்னா நெய்க்கு வழி பண்ணணும். ஒண்ணு, பொன்னைச் சபையார்கிட்டயோ ஊரார்கிட்டயோ கொடுத்து, அதோட வட்டியில நெய் வாங்கச் சொல்லலாம். இல்லைன்னா நிலம் விடலாம். இதைவிடப் பரவலான வழி ஆடு விடறது. தொண்டை மண்டலத்திலும் சோழ மண்டலத்திலும் ஒரு விளக்குக்கு 90 ஆடு அல்லது 96 ஆடு என்பது கிட்டத்தட்ட நிலையான கணக்கு. அரை விளக்குன்னா அதுல பாதி.

ராசா ராணிதான் விட்டாங்கன்னு இல்லை. படைவீரர், வியாபாரி, வேளாளர்னு பலபேர் விட்டிருக்காங்க. வேட்டைக்குப் போன இடத்துல குறி தவறி ஆளைக் கொன்னவங்களுக்கு மரண தண்டனை வேணாம், செத்தவர் பேர்ல கோயில்ல விளக்கு வைக்கட்டும்னு தீர்ப்பு சொன்ன கல்வெட்டுகளும் உண்டு. ஒரு மனுஷ உசுருக்கு ஒரு விளக்கு, அந்த விளக்குக்கு ஒரு மந்தை.

இதுல ரொம்பத் துல்லியமான பதிவு தஞ்சைப் பெரிய கோயில்ல இருக்கு. முதலாம் ராஜராஜன் (985–1014) கட்டி 1010-ல் முடிச்ச கோயில். அங்கே விளக்குக்காக விட்ட கால்நடையும், அதை வாங்கிக்கிட்ட இடையர்களோட பேரும் சுவர்ல வரிசையா வெட்டியிருக்கு. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. எதை வாங்கினாலும் கொடுக்க வேண்டியது நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். எந்த அளவுகோல்ல அளக்கணும்னும் எழுதியிருக்கு. 'ஆடவல்லான்' என்கிற நாழியால அளக்கணும். அதாவது, ஒரு எருமைக்கு மூணு பசு, ஒரு பசுவுக்கு ரெண்டு ஆடு. மாற்று விகிதத்தையே கல்லுல எழுதி வச்சிருக்கான் மனுஷன்!

இப்ப 'சாவா மூவா'ங்கிறதுக்கு வருவோம். நேர் அர்த்தம், சாகாத, கிழடாகாத ஆடு. முதல்ல படிக்கும்போது ஏதோ தெய்வீக ஆடுன்னு தோணும். அப்படி ஒண்ணும் இல்லை. ஆடு சாகும், கிழடாகும். ஆனா அது போடற குட்டி வளந்து அந்த இடத்துக்கு வந்துடும். மந்தையோட எண்ணிக்கை 96-லயே நிக்கணும், அவ்வளவுதான். நம்ம பாஷையில சொன்னா, எந்த சர்வர் வேணா செத்துப் போகட்டும், சேவை நிக்கக் கூடாது. சூரியனும் சந்திரனும் உள்ளவரைக்கும். கல்வெட்டுல 'சந்திராதித்தவல்' என்பாங்க. நம்ம கஸ்டமர் யாரும் அந்த அளவுக்குக் கேட்டதில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

கேள்வி என்னன்னா, குட்டி போடறதைவிட வேகமா ஆடு செத்தா? மழைக்காலத்துல ஒரே வாரத்துல பாதி மந்தை போயிட்டா?

ஒப்பந்தப்படி ஆடு சாகவே முடியாது. அப்ப அந்த நஷ்டம் யாருக்கு? ஆடு கொடுத்தவருக்கு இல்லை, அவருக்குப் புண்ணியம் கல்லுல ஏறியாச்சு. கோயிலுக்கும் இல்லை, அதுக்கு வேண்டியது தினம் ஓர் உழக்கு நெய். மிச்சம் இருக்கிறது இடையர் ஒருத்தர்தான். தஞ்சைக் கல்வெட்டுல ஆடு வாங்கின இடையர் பேரோட அவரோட உறவுக்காரங்க பேரையும் சேத்துப் போட்டிருக்கிறது இதனாலதான். அண்ணன், தம்பி, சித்தப்பன்னு. அவர் கொடுக்காட்டி இவங்க கொடுக்கணும். ஆக, ஆட்டோட சாவாமைக்கு ஒரு குடும்பமே பிணை.

இதைப் படிச்சதும் எனக்குக் கோவம்தான் வந்தது. ஆனா கோவத்தோட நிறுத்தாம கணக்கு போட்டுப் பாத்தேன். இடையருக்கு இதுல என்ன மிஞ்சியிருக்கும்?

நாலு உழக்கு ஒரு நாழி. பிற்காலப் படிக் கணக்குல உழக்கு சுமார் 336 மில்லி. அந்தக் காலத்து அளவுகள் கோயிலுக்குக் கோயில், மண்டலத்துக்கு மண்டலம் மாறும். அதனால இதை ஒரு தோராயமா மட்டும் வச்சுக்குங்க. அவ்வளவு நெய்யோட எடை ஏறக்குறைய 300 கிராம். வெள்ளாட்டுப் பால்ல கொழுப்பு 4 சதவீதம் சுமார். அப்போ 300 கிராம் நெய்க்கு ஏழரை லிட்டர் பால் வேணும். செம்மறிப் பால்ல கொழுப்பு இன்னும் அதிகம், 6–7 சதவீதம் இருக்கும். அஞ்சு லிட்டர்ல முடிஞ்சிடும். ('ஆடு'ங்கிற சொல் ரெண்டுக்கும் பொதுவானது. கல்வெட்டுகளை ஆங்கிலத்துல பெயர்த்தவங்க செம்மறின்னுதான் எழுதினாங்க.)

96 ஆட்டுல எந்த நேரமும் மூணுல ஒரு பங்கு கறவையில இருக்குன்னு வச்சுக்கலாம். 32 ஆடு. ஏழரை லிட்டரை 32-ஆல வகுத்தா ஒரு ஆட்டுக்குக் கால் லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. எங்க ஆயா ஆடு கறக்கிற அதே கால் லிட்டர்! இந்த எண்ணைப் பாத்ததும் எனக்குக் கொஞ்சம் சிலிர்த்துடுச்சு. 96-ங்கிறது யாரோ வாய்க்கு வந்ததைச் சொன்ன எண் இல்லை. ஆடு வளத்தவங்களோட உக்காந்து பேசிப் போட்ட எண் மாதிரிதான் தெரியுது.

பால் கணக்கு இறுக்கமாத்தான் இருக்கு. ஆனா கோயில் கேட்டது நெய் மட்டும். நெய் எடுத்த மோர், புழுக்கை, எல்லாத்துக்கும் மேல குட்டிங்க இடையருக்கு. 96 பெட்டை, வருஷத்துக்கு ஒரு ஈத்து, ஒரு குட்டின்னு கம்மியா வச்சாலும் 96 குட்டி. கிழடானதுக்கு மாத்து வைக்க வருஷத்துக்கு ஒரு 15, 20 பெட்டைக்குட்டி எடுத்துக்கிட்டாலும் மீதி அவருது. பசுவுக்கு இதே கணக்கைப் போட்டா இன்னும் தாராளம். 48 பசுவுல பாதி கறந்தாக்கூட, ஒரு பசு 300 மில்லி கறந்தாப் போதும், நெய்க்கடன் தீந்துடும்.

ஆக, நஷ்டத்தை அவர் தலையில கட்டினாங்க, உண்மை. ஆனா அந்த நஷ்டத்தைத் தாங்கறதுக்கான லாபத்தையும் அவர்கிட்டயே விட்டாங்க. நல்ல வருஷத்துல பெருகற குட்டிதான் கெட்ட வருஷத்துக்குக் காப்பு. என் கோவம் பாதி குறைஞ்சது இங்கேதான்.

மீதிப் பாதி ஏன் குறையலைன்னா, ஆயா சொன்ன கதை.

எங்க பக்கத்துல 'வாரத்துக்கு விடறது'ன்னு ஒரு பழக்கம் உண்டு. காசு இருக்கிறவர் பெட்டை ஆட்டை வாங்கி இல்லாதவங்ககிட்ட விடுவார். வளக்கிறவங்க மேய்ச்சு, காவல் காத்து வளக்கணும். பொறக்கிற குட்டியில ஆளுக்குப் பாதி. தாய் ஆடு எப்பவும் விட்டவருக்குச் சொந்தம். ஆடு நோயில செத்தா? காதையோ தோலையோ கொண்டுபோய்க் காட்டணும். வித்துத் தின்னுடலை, நிஜமாவே செத்துதுங்கிறதுக்கு அத்தாட்சி. காட்டிட்டா நஷ்டம் விட்டவருது. எங்க ஊர்ல இதுதான் வழக்கம்.

1991-ல, ஆயா பாஷையில 'ராஜீவ் காந்தி செத்த வருசம்', ஆயா பன்னெண்டு ஆட்டை வாரத்துக்கு வாங்கி வளத்துது. ஐப்பசி மழையில நோய் வந்துது. மூக்கு ஒழுகி, வாயெல்லாம் புண்ணாகி, கழிச்சல் புடிச்சு, பத்து நாள்ல ஒம்பது ஆடு போச்சு. ஒம்பது ஜோடி காதை ஒரு துணியில முடிஞ்சு எடுத்துக்கிட்டு ஆடு விட்டவர் வீட்டுக்குப் போச்சு ஆயா. அவர் துணியைப் பிரிச்சுக்கூடப் பாக்கலையாம். "ஒண்ணு ரெண்டு செத்தா நோவு. ஒம்பதும் செத்தா நீ ஒழுங்கா வளக்கலைன்னு அர்த்தம்" அப்படின்னுட்டார். ஒம்பது தாய் ஆட்டுக்கும் விலை கேட்டார்.

ஆயா கம்மலைக் கழட்டிக் கொடுத்துது. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் காதுல வேப்பங்குச்சிதான்.

"ஆடு செத்ததுக்குக்கூட அழுவலடா. காதை அறுத்தேன் பாரு ஒம்போதுக்கும், என் கையால. அத்தப் பிரிச்சாவது பாத்திருக்கலாம்."

இதைச் சொல்லும்போது ஆயா குரல்ல கோவமே இல்லை. எனக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியலை.

அந்த நோய் பத்தித் தேடினேன். ஆட்டுக்கொல்லி நோய்னு ஒண்ணு. மாட்டுக்கு வந்த வெக்கை நோயோட பங்காளி. 1942-ல ஆப்பிரிக்காவுல ஐவரி கோஸ்ட்ல முதல்ல விவரிச்சாங்க. இந்தியாவுல முதல்முறையா உறுதி செஞ்சது 1987-ல, இப்போ விழுப்புரம் மாவட்டத்துல இருக்கிற அரசூர்ல. எங்க ஊர்லேருந்து ரொம்பத் தூரம் இல்லை. ஆயா சொன்ன அறிகுறி எல்லாமே அதோட ஒத்துப்போகுது. பின்னாடி தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அந்த ஊர்ல எடுத்த கிருமியை வச்சே 'அரசூர் 87'னு தடுப்பூசி வகை உருவாக்கினாங்க. இன்னிக்கு ஒரு ஊசியில தடுக்கக்கூடிய நோய். 1991-ல எங்க தெருவுல அதுக்குப் பேர்கூடத் தெரியாது. ஒழுங்கா வளத்தாலும் ஒம்பதும் செத்திருக்கும்.

வாரத்துக்கு விட்ட ஆட்டை, செத்த பிறகு சாவா மூவாப் பேராடா மாத்திட்டார் அந்த மனுஷன். லாபத்துக்கு வாரக் கணக்கு, பாதிக் குட்டி அவருக்கு. நஷ்டத்துக்குக் கோயில் கணக்கு, ஆடு சாகவே கூடாது. சோழர் கால இடையருக்குக் குட்டி எல்லாம் கையில இருந்தது. ஆயாவுக்குப் பாதிதான். ஆனா பொறுப்பு மட்டும் முழுசு.

இது நம்ம ஊர் சங்கதி மட்டும்தானான்னு பாத்தா, இல்லை. கி.பி. 200 வாக்கில் தொகுத்த யூதர்களோட சட்ட நூல் மிஷ்னா. அதுல 'இரும்பு ஆடு'ன்னு ஒரு ஒப்பந்தம் வருது. ஆடு செத்தாலும் வளக்கறவன் முழு மதிப்பையும் திருப்பிக் கொடுத்தாகணும். அதாவது இரும்பு மாதிரி, அழியாத ஆடு. ஒரு யூதர் இன்னொரு யூதர்கிட்ட இப்படி ஆடு வாங்கக் கூடாதுன்னு மிஷ்னா தடுக்குது. சொல்ற காரணம்தான் முக்கியம். அது வட்டியாம்!

யோசிச்சுப் பாத்தா சரிதான். உண்மையான ஆட்டைக் கொடுத்தா, அது சாகற ஆபத்துல கொடுத்தவருக்கும் பங்கு இருக்கும். எந்த ஆபத்தும் இல்லாம, வர்றது மட்டும் தவறாம வந்துக்கிட்டிருந்தா, அவர் கொடுத்தது ஆடு இல்லை, கடன். ஆட்டுத் தோலைப் போத்திக்கிட்ட கடன்.

ஐரோப்பாவுலயும் 'இரும்பு மாடு' உண்டு. ஜெர்மன் கிராமங்கள்ல இரும்பு மாடு சாவதில்லைன்னு சொலவடையே இருந்தது. 1804-ல வந்த நெப்போலியனோட சிவில் சட்டம் இதை ரெண்டாப் பிரிச்சுப் பாத்தது. மொத்தப் பண்ணையையும் குத்தகைக்கு எடுத்து, வர்ற லாபம் எல்லாத்தையும் வச்சுக்கிறவன் இரும்பு மந்தையை ஏத்துக்கலாம். நஷ்டமும் அவனுது. ஆனா பாதிப் பங்குக்கு மந்தையை வாங்கி வளக்கறவன் தலையில, அவன் தப்பே இல்லாம மொத்த மந்தையும் அழிஞ்சா அந்த நஷ்டத்தை ஏத்தறது செல்லாது. அப்படி எழுதி வாங்கினாலும் செல்லாது. ஆயாவோட கம்மலை, அது பொறக்கறதுக்கு நூத்தம்பது வருஷம் முன்னாடியே காப்பாத்தி வச்ச சட்டம். இருந்தது பிரான்ஸ்ல, அதான் பிரச்சினை.

சட்டம்னதும் எங்க ஊர்க் குடவோலைக்கே திரும்ப வர வேண்டியிருக்கு. முதலாம் பராந்தகன் காலத்து 921-ம் வருஷத்துக் கல்வெட்டுல எழுதியிருக்கிற தகுதியைப் பாருங்க. காணிக்கடன் கட்டுற கால் வேலிக்கு மேல நிலம், சொந்த மனையில வீடு, 35-லேருந்து 70 வயசுக்குள்ள, வேத அறிவு. பிரம்மதேய ஊரோட சபை அது. ஆடு மேய்க்கிறவர் பேர் அந்தக் குடத்துக்குள்ள விழ வழியே இல்லை. வாரியத்துல உக்காரலாமாங்கிற பேச்சுக்கே இடமில்லாதவர் பேர், வேற ஊர்க் கோயில் சுவர்ல மட்டும் ஏறியிருக்கு. எதுக்கு? நெய் பாக்கி விழுந்தா யாரைப் புடிக்கணும்ங்கிறதுக்கு. ஊர்ப் பெருமை பேசும்போது இதையும் சேத்துப் பேசினா பெருமை ஒண்ணும் குறைஞ்சிடாது. இடையர் பேரும் கல்லுல இருக்கிறதால்தான் இன்னிக்கு நம்மால இவ்வளவு கணக்கு போட முடியுது.

2011 செப்டம்பர்ல தமிழக அரசு விலையில்லா ஆடு திட்டம் கொண்டுவந்தது. ஏழு லட்சம் ஏழைக் குடும்பத்துக்குத் தலைக்கு நாலு ஆடுன்னு இலக்கு வச்சாங்க. அதைப் பத்தி ஆயிரம் கிண்டல் கேட்டிருக்கேன், நானும் பண்ணியிருக்கேன். இப்ப யோசிச்சா, நம்ம ஊர்ல ஆடு கொடுத்தவங்க வரிசையில நெய்யும் கேக்காம, பாதிக் குட்டியும் கேக்காம கொடுத்தது அபூர்வம்தான். அந்த நாலு ஆட்டுல ஒண்ணு செத்தா, வளத்த பொம்பளை யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்க வேண்டியதில்லை. குட்டியும் அவளுது, பாலும் அவளுது.

கடைசியா என் எக்செல் என்னாச்சுன்னு சொல்லிடறேன். பத்து ஆடு நாலாச்சு. பக்கத்து வீட்டு அத்தைகிட்டதான் விட்டிருக்கேன். ஒப்பந்தம் பண்ணது நான் இல்லை, ஆயா. திண்ணையில உக்காந்து ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல, நான் நோட்டுல எழுதினேன்.

பால் முழுக்க அத்தைக்கு. குட்டி பாதிப் பாதி. தடுப்பூசி, குடற்புழு மருந்து, இன்சூரன்ஸ் செலவு என்னோடது. நோயில செத்தா நஷ்டம் என்னோடது.

கடைசி வரியை எழுதும்போது ஆயா ஒரு தடவை நிறுத்துச்சு. "காதை அறுத்துக் காட்டணும்னு எழுதாத."

"இன்சூரன்ஸ்காரங்க காதுல வில்லை மாட்டியிருக்காங்களே ஆயா, செத்தா அதைக் கேப்பாங்களே" என்றேன்.

"அவன் கேட்டா குடுக்கட்டும். நீ கேக்காத."

எழுதலை. ஐப்பசியில ஒரு ஆடு போச்சு. கழிச்சல். அத்தை போன் பண்ணி ரொம்ப நேரம் தயங்கித் தயங்கிப் பேசினாங்க. எத்தனை நாளா மேயலை, யார்கிட்ட மருந்து வாங்கினாங்க, ராத்திரி எத்தனை தடவை எழுந்து பாத்தாங்கன்னு எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே போனாங்க. யாரோ நம்ப மாட்டாங்கங்கிற மாதிரி. "சரிங்க அத்தை, பரவால்லை"ன்னேன். அதைவிட நல்லா ஏதாவது சொல்லியிருக்கலாம்.

எக்செல்ல புதுசா ஒரு காலம் சேத்திருக்கேன். 'சாவு'ன்னு. இப்போதைக்கு அதுல ஒண்ணுன்னு இருக்கு.

டிஸ்கி: ஆட்டுப்பால் நெய் வெள்ளை வெளேர்னு இருக்கும், பசு நெய்யோட மஞ்சள் வராது. ஆயா ஒரு சின்ன பாட்டில்ல கொடுத்து விட்டுது. பொங்கல்ல ஊத்தலாம்னு எடுத்து வச்சிருக்கேன். விளக்கு ஏத்த மனசு வரலை.